சஸ்பென்ஷன் வேலை முடிஞ்சதும் ஸ்டியரிங் கோணலா நிக்குதா? அடிக்கடி கேக்கற கேள்விகள்

போன வருஷம் என் பழைய ஸ்விஃப்ட்டுக்கு முன்பக்கம் மொத்தமா வேலை பாத்தேன். ரெண்டு ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்), ரெண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்த கீழ பிடிச்சிருக்கற கை), ரெண்டு டை ராட் எண்ட் (ஸ்டியரிங்க சக்கரத்தோட சேர்க்கற கம்பியோட முனை), ஸ்ட்ரட் மவுண்டிங் எல்லாம் புதுசு. கடகட சத்தம் சுத்தமா போயிடுச்சு, வண்டி மெத்து மெத்துன்னு போகுது, சந்தோஷமா பைபாஸ் ஏறினா ஸ்டியரிங் நடுவுல இருக்கற எஸ் லோகோ வலது பக்கம் தலைய சாய்ச்சுட்டு என்னைய பாக்குது. வண்டி நேரா தான் ஓடுது, ஸ்டியரிங் மட்டும் கோணல். கடிகாரத்துல நிமிஷ முள்ளு 12ல நிக்காம ரெண்டு நிமிஷம் தாண்டி நின்னா எப்படி இருக்கும், அந்த அளவு. சக்கரத்தோட கோணத்த அளந்து சரி பண்ற அலைன்மென்ட் கடைக்கு ரெண்டு தடவ போனேன், ரெண்டு தடவயும் ஸ்க்ரீன்ல பச்சை காட்டி "எல்லாம் ஓகே சார்"னு அனுப்பிட்டாங்க. கடைசியில காரணம் தெரிஞ்சப்போ சிரிப்பு தான் வந்துச்சு. அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க கேட்ட கேள்வி, நானே மெக்கானிக் அண்ணங்கிட்ட நச்சரிச்சு கேட்ட கேள்வி எல்லாத்தையும் சேர்த்து எழுதறேன். முன்னாடி ஸ்ட்ரட், பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கற ஒரே குறுக்குத் தண்டு) இருக்கற ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி சின்ன கார்களை மனசுல வெச்சு எழுதினது.

பார்ட்ஸ் மாத்தறதுக்கு முன்னாடி நேரா தானே இருந்துச்சு, மாத்தினதும் ஏன் கோணலாச்சு?

ஸ்டியரிங்க சுத்தினா உள்ள ரேக்குங்கற பல்லு வெச்ச கம்பி இடம் வலம் நகரும், ரேக்கோட ரெண்டு முனையில இருந்தும் ஒவ்வொரு டை ராட் கிளம்பி சக்கரத்தை பிடிச்சிருக்கும். இந்த ரெண்டு ராடும் எவ்வளவு நீளம்ங்கறது தான் சக்கரம் எந்தப் பக்கம் பாக்கணும்னு முடிவு பண்ணுது. டை ராட் எண்ட் மாத்தும்போது அது மரையில ஒரு ரவுண்டு கூடவோ கொறைச்சலாவோ ஏறினா கூட நீளம் மாறிடும். சுமாரா 1.5 மில்லி தான், ஆனா அதுவே ஸ்டியரிங்ல நல்லா தெரியும்.

டை ராட தொடவே இல்ல, ஸ்ட்ரட் மட்டும் தான் மாத்தினோம்னாலும் மாறும். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரம் மாட்டியிருக்கற இரும்புத் துண்டு) சேர்க்கற ரெண்டு போல்ட்டுக்கும் ஓட்டையில கொஞ்சம் விளையாட்டு இருக்கு, திரும்ப முறுக்கும்போது அதே இடத்துல உக்காரும்னு சொல்ல முடியாது. உக்கார்ற இடம் மாறினா கேம்பர், அதாவது முன்னாடி நின்னு பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ சாயற கோணம், மாறும். கேம்பர் மாறினா கூடவே டோவும் (மேலருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கற அளவு) மாறும். லோயர் ஆர்மும் அப்படித்தான், பழைய ஆர்ம்ல இருக்கற ரப்பர் புஷ் அமுங்கி ஒரு பக்கமா போயிருக்கும், அந்த கோளாறோட சேர்த்து யாரோ முன்னாடி அலைன்மென்ட் பண்ணி வெச்சிருப்பாங்க, இப்ப புது ஆர்ம் வந்து சக்கரத்தை இருக்க வேண்டிய இடத்துக்கு தள்ளினதும் அந்த பழைய கணக்கு செல்லாது.

எந்த பார்ட் மாத்தினா அலைன்மென்ட் கட்டாயம், எதுக்கு வேண்டாம்?

டை ராட் எண்ட், ரேக் எண்ட் (டை ராடோட உள்முனை), லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், நக்கிள் இதுல எத கழட்டினாலும் அலைன்மென்ட் பண்ணியே ஆகணும். கிராஸ் மெம்பர் (ரேக்கும் ஆர்மும் மாட்டியிருக்கற குறுக்குச் சட்டம்) இறக்கினா சொல்லவே வேண்டாம், அது ரெண்டு மில்லி தள்ளி உக்காந்தா ரேக்கும் ஆர்மும் மொத்தமா சேர்ந்து நகர்ந்துடும். திருப்பத்துல வண்டி சாயாம தடுக்கற கம்பியோட லிங்க் ராட், ஸ்டெபிலைசர் புஷ் மட்டும்னா தேவையில்ல. டார்ஷன் பீம் வண்டியில பின்னாடி ஷாக் மட்டும் மாத்தினாலும் தேவையில்ல.

வண்டி ஒரு பக்கம் இழுக்கறதும் இதுவும் ஒண்ணா?

இல்லைங்க, நிறைய பேர் இத போட்டு குழப்பிக்கறாங்க. வண்டி நேரா போகும்போது ஸ்டியரிங் சாஞ்சு நின்னா அது கோணல். ஸ்டியரிங்க லேசா விட்டா வண்டி தானா ஒரு பக்கம் ஒதுங்குச்சுன்னா அது இழுப்பு. கோணலுக்கு காரணம் பெரும்பாலும் டை ராட் நீளம். இழுப்புக்கு காத்து கம்மி, பிரேக் பிடிச்சுக்கறது, டயரோட உள் அமைப்பு, ரெண்டு பக்கமும் கேம்பர், காஸ்டர் (பக்கவாட்டுல பாத்தா ஸ்ட்ரட் சாஞ்சிருக்கற கோணம்) வித்தியாசம்னு ஏகப்பட்டது இருக்கு. இழுப்புன்னா முதல்ல நாலு டயர்லயும் காத்து பாருங்க, அப்புறம் முன் டயர் ரெண்டையும் இடம் வலம் மாத்திப் போட்டு ஓட்டுங்க. இழுப்பும் பக்கம் மாறினா டயர் தான் காரணம். அம்புக்குறி போட்ட ஒருவழி டயரா இருந்தா இத பண்ணாதீங்க.

இன்னொண்ணு, நம்ம ரோடெல்லாம் நடுவுல மேடா, தண்ணி ஓடறதுக்காக ஓரத்துக்கு சரிவா இருக்கும். நாம இடது பக்கம் ஓட்டறதால எந்த காரும் லேசா இடது பக்கம் வழியத்தான் பாக்கும், அத தடுக்க ஸ்டியரிங்க கொஞ்சம் வலது பக்கம் பிடிச்சிருப்போம். அதனால ஊர் ரோட்டுல ஓட்டிட்டு கோணல்னு முடிவு பண்ணாதீங்க. மட்டமான இடம் வேணும், அங்க நேரா ஓட்டிப் பாத்தா ஓரளவு தெரிஞ்சிடும்.

அலைன்மென்ட் பண்ணியாச்சு, ரிப்போர்ட்ல எல்லாம் பச்சை, ஆனாலும் கோணல். மெஷின் பொய் சொல்லுதா?

என் கதையே இது தான். மெஷின் பொய் சொல்லல, ஆள் பாதி வேலை தான் பாத்திருக்கார்.

டோங்கறது ரெண்டு முன் சக்கரமும் ஒண்ண ஒண்ணு பாத்து உள்ள திரும்பியிருக்கா வெளிய விரிஞ்சிருக்காங்கற கணக்கு. ரெண்டையும் கூட்டினா வர்றது மொத்த டோ. மொத்தம் சரியா இருந்தா டயர் தேயாது, வண்டியும் நேரா போகும். ஆனா அந்த மொத்தத்தை ரெண்டு விதமா கொண்டு வரலாம். ஸ்டியரிங்க நேரா நிறுத்தி கட்டிட்டு ரெண்டு பக்கமும் தனித்தனியா சரி பண்றது ஒரு விதம். ஒரு பக்க ராட மட்டும் திருகி கூட்டுத்தொகைய சரியா காட்ட வைக்கறது இன்னொரு விதம்.

என் வண்டியில நடந்தது இது. மெக்கானிக் அந்த டை ராட் எண்ட் மாத்தும்போது டிரைவர் சைடு ராட் ஒரு ரவுண்டு நீளமா போயிடுச்சு. அலைன்மென்ட் கடைப் பையன் மொத்த டோ அதிகம்னு பாத்தான், லெஃப்ட் சைடு கை நல்லா எட்டுச்சு போல, அந்தப் பக்க ராட ஒரு ரவுண்டு சுருக்கிட்டான். கூட்டிப் பாத்தா கணக்கு சரி. ஆனா ரெண்டு சக்கரமும் சேர்ந்து லேசா இடது பக்கம் பாக்குது, அத நேரா கொண்டு வர நான் ஸ்டியரிங்க வலது பக்கம் திருப்பி வெச்சுக்கணும். ஓடும்போது ரெண்டு சக்கரமும் வித்தியாசத்த ஆளுக்குப் பாதியா பங்கு போட்டுக்கும், அந்த பங்கு தான் ஸ்டியரிங்ல கோணலா தெரியுது.

ஸ்டியரிங்க கட்டாம அளந்தா ஸ்க்ரீன்ல பச்சை வர்றதுல ஆச்சரியமே இல்ல. பையன் ஸ்டியரிங்க ஒரு கையில லேசா திருப்பி பச்சை வந்ததும் பிரிண்ட் அடிச்சத நானே பக்கத்துல நின்னு பாத்தேன், அன்னிக்கு எனக்கு அது புரியல.

அப்ப சரியான முறை என்ன?

டயர்ல காத்து சரி பாத்து, முன்னாடி எல்லா ஜாயிண்ட்லயும் ஆட்டம் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு வண்டிய ஏத்தணும். 3டி மெஷின்னா வண்டிய முன்ன பின்ன உருட்டி ரிம் வளைவ கழிச்சுக்குவாங்க. முன்ன பின்ன அமுக்கி சஸ்பென்ஷன உக்கார வைக்கணும். அப்புறம் இன்ஜின் ஓட்டத்துல ஸ்டியரிங்க இடம் வலம் நாலஞ்சு தடவ ஆட்டி நடுவுல நேரா நிறுத்தி, சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல ஒரு கம்பி ஹோல்டர் குடுத்து இறுக்கணும். இந்த ஹோல்டர் தான் முக்கியம், கடையில மூலையில தூசி பிடிச்சு கிடக்கும், எடுக்க சோம்பல்படுவாங்க, நீங்க தான் கேட்டு போட வைக்கணும். அதுக்கப்புறம் இடது டோவ தனியா, வலது டோவ தனியா கம்பெனி சொன்ன அளவுக்கு கொண்டு வந்து செக் நட்ட (ராட் சுத்தாம பூட்டற நட்டு) முறுக்கணும். நட்டு முறுக்கும்போது கூட அளவு கொஞ்சம் ஓடிடும், அதனால முறுக்கினப்புறம் ஒரு தடவ ஸ்க்ரீன பாக்கணும்.

மெஷின் இல்லாம வீட்டுலயே சென்டர் பண்ண முடியுமா?

முடியும், ஒரே ஒரு நிபந்தனை. மொத்த டோ ஏற்கனவே சரியா இருக்கணும், அதாவது என்ன மாதிரி பச்சை ரிப்போர்ட் கையில வெச்சுக்கிட்டு கோணல் மட்டும் பாக்கி இருக்கறவங்களுக்கு. ஏன்னா ஒரு பக்கம் எவ்வளவு நீட்டறோமோ அதே அளவு மறுபக்கம் சுருக்கினா மொத்தம் மாறாது, ஸ்டியரிங் மட்டும் திரும்பும்.

முதல்ல எவ்வளவு கோணல்னு அளக்கணும். மாஸ்கிங் டேப் ரெண்டு துண்டு எடுத்துக்கங்க. வண்டி நிக்கும்போது ஸ்டியரிங்க கண்ணுக்கு நேரா வெச்சு, விளிம்புக்கு மேல ஒரு துண்டு, அதுக்கு நேர் எதிர்ல மீட்டருக்கு மேல ஒரு துண்டு ஒட்டி ரெண்டுலயும் பேனாவால ஒரு கோடு. மட்டமான ரோட்டுல நேரா ஓட்டும்போது பக்கத்துல உக்காந்திருக்கறவங்க ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பாக்கட்டும், நீங்க ரோட்ட பாருங்க. சின்ன கார் ஸ்டியரிங் 38 சென்டிமீட்டர் விட்டம் அளவுல இருக்கும், அதுல 1 டிகிரின்னா விளிம்புல 3.3 மில்லி. எனக்கு 4 சென்டிமீட்டர் வந்துச்சு, 12 டிகிரி.

ஸ்டியரிங் ஒரு முழு சுத்து சுத்தினா ரேக் 45 மில்லி பக்கம் நகரும், ராட் மரை ரவுண்டுக்கு 1.5 மில்லின்னு வெச்சுக்கிட்டா, ரெண்டு ராடையும் ஆளுக்கு ஒரு ரவுண்டு எதிரெதிரா மாத்தினா ஸ்டியரிங் 12 டிகிரி திரும்பணும். சில வண்டியில மரை 1.25 இருக்கும், அங்க 10 டிகிரி. இது தோராயக் கணக்கு தான், அதனால எடுத்ததும் முழுசா திருகாம அரை ரவுண்டு திருகி ஓட்டிப் பாருங்க.

எந்தப் பக்கம் நீட்டணும், எந்தப் பக்கம் சுருக்கணும்? ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்க.

ரெண்டு பேரும் சரியா சொல்லியிருப்பாங்க, வேற வேற வண்டிக்கு. ரேக் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாருங்க. இன்ஜின் குறுக்கா இருக்கற சின்ன கார்கள்ல பெரும்பாலும் சக்கர நடு அச்சுக்கு பின்னாடி, ஃபயர்வால் பக்கமா இருக்கும். அப்படின்னா ஸ்டியரிங் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அந்தப் பக்க ராட சுருக்கு, எதிர்ப்பக்கம் நீட்டு. எனக்கு வலது பக்கம் சாஞ்சுது, அதனால வலது ராட சுருக்கி இடது ராட நீட்டினேன். ரேக் அச்சுக்கு முன்னாடி இருந்தா அப்படியே தலைகீழ்.

நீட்டுதா சுருங்குதான்னு திசைய வெச்சு மண்டைய உடைக்க வேண்டாம். செக் நட்டுக்கு வெளிய தெரியற மரைய எண்ணுங்க, கூடினா நீளுது, கொறைஞ்சா சுருங்குது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு ராட்லயும் ஒயிட்னரால ஒரு கோடு போட்டுடுங்க, எத்தன ரவுண்டு சுத்தினோம்னு எண்ணவும் ஆகும், சொதப்பினா பழைய இடத்துக்கு திரும்பவும் ஆகும்.

திருகும்போது எதெல்லாம் கவனிக்கணும்?

ஜாக்கிய மட்டும் நம்பி கீழ போகாதீங்க, ஸ்டாண்ட் வெக்கணும், பின் சக்கரத்துக்கு கல்லு. துரு பிடிச்ச செக் நட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற ஸ்ப்ரே அடிச்சு விடுங்க. ராட் சுத்தும்போது ரேக்கோட ரப்பர் பூட்டும் (முனையை மூடியிருக்கற உறை) கூடவே முறுக்கிக்கும், அதோட சின்ன கிளிப்ப தளர்த்தி பூட்ட விடுவிச்சுட்டு சுத்தணும், முறுக்கிக்கிட்டே விட்டா கொஞ்ச நாள்ல கிழிஞ்சு உள்ள தண்ணி மண்ணு போய் ரேக் கெட்டுடும், கிளிப் காசு மிச்சம் பிடிச்சு ரேக் காசு குடுக்கற கதை. செக் நட்ட முறுக்கும்போது டை ராட் எண்ட இன்னொரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கங்க, இல்லைன்னா பால் ஜாயிண்ட் ஒரு பக்கமா சாஞ்சு இறுகிடும்.

இவ்வளவு எதுக்கு, ஸ்டியரிங்கயே கழட்டி நேரா மாட்டினா போச்சுல்ல?

இத சொல்ற ஆள் ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. வேண்டாம்.

ஸ்டியரிங் நேரா இருக்கும்போது ரேக்கும் நடுவுல இருக்கணும்னு தான் கம்பெனியில வெச்சிருக்காங்க. ஸ்டியரிங்க கழட்டி மாட்டினா கண்ணுக்கு நேரா தெரியும், ரேக் நடுவுல இருக்காது, இண்டிகேட்டர் ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் லேட்டாவும் ஆஃப் ஆகும், ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் இருக்கற வண்டியில அதுவும் தப்பா படிக்கும். அதோட ஏர்பேக் இருக்கற வண்டியில பேட்டரி கழட்டாம அங்க கை வைக்கறது உயிரோட விளையாட்டு. நிறைய வண்டியில ஸ்ப்லைன்ல (ஸ்டியரிங் மாட்டற தண்டுல இருக்கற பல்வரிசை) ஒரு பல்ல மட்டும் வேற அளவுல வெச்சு வேற இடத்துல மாட்டவே முடியாதபடி தான் பண்ணியிருப்பாங்க.

அப்ப ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங்க ரேக்கோட சேர்க்கற தண்டு) பக்கம் தப்பு இருக்கவே வாய்ப்பில்லையா?

ஒரு சந்தர்ப்பம் இருக்கு. கிராஸ் மெம்பர் இறக்கற வேலைக்கு ஸ்டியரிங் ஜாயிண்ட கழட்டுவாங்க, திரும்ப மாட்டும்போது ஒரு பல்லு தள்ளிப் போயிருக்கலாம். கண்டுபிடிக்கறது சுலபம். ஸ்டியரிங்க நேரா வெச்சு இடது பக்கம் லாக் ஆகற வரைக்கும் எத்தன சுத்துன்னு எண்ணுங்க, வலது பக்கமும் எண்ணுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா ரேக் நடுவுல தான் இருக்கு, டை ராட பாருங்க. ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் தெளிவா வித்தியாசம் வந்தா ஜாயிண்ட தான் சரியா மாட்டணும், அத விட்டுட்டு டை ராட திருகினா தப்ப தப்பால மூடற மாதிரி. அந்த வேலை நடக்கும்போது யாராவது ஸ்டியரிங்க சும்மா சுத்தி விட்டிருந்தா உள்ள இருக்கற கிளாக் ஸ்பிரிங் (ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்ட் கொண்டு போற சுருள் ஒயர்) அறுந்திருக்கலாம், அறுந்தா ஹார்ன் அடிக்காது, ஏர்பேக் லைட் எரியும்.

முன்னாடி எல்லாம் சரி, இருந்தும் கோணல். பின் சக்கரம் காரணமா இருக்குமா?

இருக்கலாம். பின் ஆக்சில் லேசா ஒரு பக்கம் பாத்து உக்காந்திருந்தா வண்டி நண்டு மாதிரி கொஞ்சம் பக்கவாட்டுல நகரப் பாக்கும், அத சரிக்கட்ட ஸ்டியரிங் எப்பவும் லேசா திரும்பியே இருக்கணும். ரிப்போர்ட்ல த்ரஸ்ட் ஆங்கிள்னு ஒரு வரி இருக்கும், அது பூஜ்யத்துக்கு பக்கத்துல இருக்கான்னு பாருங்க. டார்ஷன் பீம்ல இதுக்கு திருகற இடமே கிடையாது, பின் புஷ் போயிருக்கா, எப்பவோ அடி வாங்கி பீம் வளைஞ்சிருக்கான்னு தான் தேடணும்.

திருப்பம் முடிஞ்சு ஸ்டியரிங் தானா நடுவுக்கு வரல, சில நேரம் வலதுல சில நேரம் இடதுல நிக்குது.

கோணல் ஒரே அளவுல நின்னா அது டை ராட். இடம் மாறி மாறி நின்னா எதோ ஒண்ணு பிடிக்குது. புதுசா போட்ட ஸ்ட்ரட் மவுண்டிங்ல பேரிங் தப்பா உக்காந்திருக்கலாம், புது பால் ஜாயிண்ட் ரொம்ப இறுக்கமா இருக்கலாம். பானட்ட திறந்து ஸ்ட்ரட் மேல லேசா கை வெச்சுக்கிட்டு ஒருத்தர ஸ்டியரிங் திருப்ப சொல்லுங்க, டக் டக்னு ஸ்பிரிங் துள்ளினா மவுண்டிங் தான்.

ஏபிஎஸ் லைட், ஈஎஸ்பி லைட் எரியுதே?

ஈஎஸ்பி (வண்டி சறுக்காம பாத்துக்கற சிஸ்டம்) இருக்கற வண்டியில ஸ்டியரிங் எந்த கோணத்துல இருக்குன்னு ஒரு சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும். வண்டி நேரா போகும்போது ஸ்டியரிங் திரும்பி இருந்தா அதுக்கு சந்தேகம் வந்து லைட்ட போடும். அலைன்மென்ட் முடிச்சுட்டு ஸ்கேனர் போட்டு ஜீரோ செட் பண்ணணும். முதல்ல அலைன்மென்ட், அப்புறம் தான் ஜீரோ, மாத்தி பண்ணா கோணலையே நேருன்னு சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும்.

லோயர் ஆர்ம் போல்ட்ட வண்டிய இறக்கினப்புறம் தான் முறுக்கணும்ங்கறாங்க, நிஜமா?

நிஜம். சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்ட முழுசா இறுக்கினா ரப்பர் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும், வண்டிய இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். புது புஷ் சீக்கிரம் கிழியும், வண்டி உயரமும் கொஞ்சம் மாறும், உயரம் மாறினா டோவும் நகரும். கையால மாட்டி, இறக்கி, ரெண்டு தடவ அமுக்கிட்டு அப்புறம் இறுக்கணும். நிறைய பட்டறையில நேரமில்லன்னு மேலயே முறுக்கிடறாங்க.

கோணலோட எத்தன நாள் ஓட்டலாம்?

டோ சரியா இருந்து ஸ்டியரிங் மட்டும் கோணல்னா அவசரமில்ல, கண்ணுக்கு தான் உறுத்தல். டோவே தப்புன்னா டயர் பாக்க பாக்க தேயும். உள்ளங்கைய டயர் மேல குறுக்கா தேய்ச்சுப் பாருங்க, ஒரு திசையில வழுவழுப்பா, திருப்பி தேய்ச்சா ரம்பம் மாதிரி குத்துச்சுன்னா டோ போச்சு. ஆனா வேலை முடிஞ்சப்போ நேரா இருந்த ஸ்டியரிங் திடீர்னு ஒரு நாள் கோணலாச்சுன்னா வண்டிய நிறுத்திப் பாருங்க, ஏதோ போல்ட் தளர்ந்திருக்கு இல்ல குழியில அடி வாங்கி ராட் வளைஞ்சிருக்கு.

வேலை முடிஞ்ச உடனே அலைன்மென்ட் பண்ணணுமா, புது பார்ட்ஸ் செட் ஆகட்டும்னு விடணுமா?

உடனே பண்ணுங்க. செட் ஆகட்டும்னு தப்பான டோல ஓட்டினா தேயறது உங்க டயர். 500, 1000 கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவ செக் பண்ணுங்க.

கடையில போய் என்ன சொல்லிக் கேக்கறது?

"அண்ணே, ஸ்டியரிங் ஹோல்டர் போட்டு, ரெண்டு பக்க டோவும் தனித்தனியா செட் பண்ணுங்க, பண்றதுக்கு முன்னாடி ரீடிங், பின்னாடி ரீடிங் ரெண்டும் பிரிண்ட் வேணும்"னு முன்னாடியே சொல்லிடுங்க. பிரிண்ட்ல இடது டோ, வலது டோ ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கணும், ஒண்ணு பிளஸ்ல ஒண்ணு மைனஸ்ல இருந்து மொத்தம் மட்டும் பச்சையா இருந்தா காசு குடுக்காதீங்க. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரேன்னு சாவிய வாங்கிக்கங்க, நல்ல கடைக்காரர் அவரே பக்கத்து சீட்டுல ஏறி உக்காருவார்.